முதுமக்கள் தாழி: உயிரோடு வைத்தார்களா?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் ஏறி, கருங்குளம் தாண்டியதும் வெளியே பாருங்கள். ஒரு பக்கம் தாமிரபரணி பாயும் பச்சை வயல், வாழைத் தோட்டம். இன்னொரு பக்கம் ஒன்றும் விளையாத செந்நிறச் சரள் மேடு. அந்த மேட்டை எங்கள் பக்கத்தில் பரம்பு என்பார்கள். அதை ஒட்டி இருக்கும் சின்ன ஊர்தான் ஆதிச்சநல்லூர். தூத்துக்குடி மாவட்டம், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். ஊர் சின்னதுதான், ஆனால் அதன் பரம்பில் தொல்லியல் துறை பாதுகாக்கும் நிலம் மட்டும் 114 ஏக்கர். அந்த மேடு முழுக்க மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகள், அந்தக் காலத்தில் மனிதர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பாண்டங்கள்.

ஆதிச்சநல்லூர் என்ற பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் ‘உலகின் முதல் நாகரிகம்’ என்று ஆரம்பிக்கிறார்கள். மீதிப் பேர், “கிழடுகளை உயிரோடு பானையில் வைத்துப் புதைப்பார்களாமே?” என்கிறார்கள். இரண்டையும் கேட்டுச் சலித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் கூட்டத்தோடு சண்டை போட இது இடமில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

ஆச்சி சொன்ன கதை

சின்ன வயதில் நான் கேட்ட கதை இது. அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏற உடம்பு சுருங்கிக்கொண்டே போகுமாம். கடைசியில் பூனைக்குட்டி அளவுக்கு ஆனதும், யார் காலிலாவது மிதிபட்டுவிடக் கூடாது என்று விளக்கு மாடத்தில் தூக்கி வைப்பார்களாம். அதற்கும் மேல் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால், பெரிய தாழியில் உட்கார வைத்து, கூடவே சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். “நீ சொல்பேச்சு கேக்கலன்னா என்னையும் அப்படித்தான் வைப்பேல” என்று ஆச்சி முடிப்பாள்.

ஆச்சி இதைச் சொந்தமாகக் கட்டவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட இதே கதையைக் கேட்டு, அந்த மாடம் உட்பட எழுதி வைத்திருக்கிறார்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கிணறு வெட்டும்போது ஒரு தாழி உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே முழங்காலை மடக்கி உட்கார்ந்த ஒரு எலும்புக்கூடு. பக்கத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். மூடி போட்டிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? உட்கார வைத்திருக்கிறார்கள், சாப்பாடு வைத்திருக்கிறார்கள், அகல் விளக்கு மாதிரி ஏதோ இருக்கிறது, ஆகவே உயிரோடுதான் வைத்திருக்கிறார்கள். கண்ணில் பட்டவற்றுக்கு ஊர் கண்டுபிடித்த விளக்கம்தான் அந்தக் கதை. கண்ணில் படாதவை நிறைய இருந்தன என்பதுதான் சிக்கல்.

முதலில் பெயர்

‘தாழி’ ஒன்றும் மாயச் சொல் இல்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த பழமொழியில் வருகிற அதே தாழிதான். வாய் அகன்ற பெரிய மண்பாண்டம், அவ்வளவே. ஈமத்துக்கென்று செய்தது மட்டும் இன்னும் பெரியது, தடித்தது. ஒரு மீட்டர் உயரம் சாதாரணம். பலவற்றின் அடி கூம்பிப் போயிருக்கும், தரையில் வைத்தால் நிற்காது. குழியில் இறக்குவதற்கென்றே செய்த வடிவம் அது.

குழப்பம் வருவது ‘முதுமக்கள்’ என்ற சொல்லால். ‘முது’ என்றதும் நமக்கு முதியோர் இல்லம் ஞாபகம் வருகிறது. ஆனால் முதுகுடி என்றால் கிழவர்களின் குடி என்றா அர்த்தம்? மூதூர் என்றால் கிழவர்கள் குடியிருக்கும் ஊரா? பழமையான குடி, பழமையான ஊர். அதே மாதிரி முதுமக்கள் என்பதை முன்னோர் என்று படித்தால் பாதிக் கதை அங்கேயே கரைந்துவிடும்.

இரண்டு தடவை நடக்கும் சடங்கு

இப்போது விஷயத்துக்கு வருவோம். நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் என்ன நடக்கிறது? உடலைச் சுடுகாட்டில் எரிக்கிறோம். அதோடு முடிவதில்லை. மறுநாளோ மூன்றாம் நாளோ திரும்பப் போய்ப் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, அதை ஒரு சின்னக் கலயத்தில் போட்டு ஆற்றிலோ கடலிலோ கரைக்கிறோம். உடலுக்கு ஒரு சடங்கு, எலும்புக்கு ஒரு சடங்கு. யோசித்துப் பார்த்தால் ஒரே ஆளுக்கு இரண்டு இறுதிச் சடங்கு.

பல தாழிகளில் நடந்ததும் இந்த மாதிரியான ஒன்றுதான். உடலை முதலில் வேறெங்கோ விட்டிருப்பார்கள், மண்ணில் புதைத்தோ, வெட்டவெளியில் கிடத்தியோ. சதை போன பிறகு மண்டையோட்டையும் கை கால் நீள எலும்புகளையும் எடுத்துவந்து தாழியில் வைத்து, மூடி, குழியில் இறக்கினார்கள். இதைத் தொல்லியலாளர்கள் ‘இரண்டாம் நிலை அடக்கம்’ என்கிறார்கள். உடலை முழுதாக அப்படியே அடக்கம் செய்தால் அது ‘முதல்நிலை அடக்கம்’. இந்த இரண்டு சொற்களையும் பிடித்துக்கொண்டால் போதும், தாழி பற்றிய செய்திகளில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்த தாழிக்குள் உயிரோடு யாரும் போயிருக்க முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாலையும் உதிரிப்பூவும்

சரி, எது முதல்நிலை, எது இரண்டாம் நிலை என்று மூவாயிரம் வருடம் கழித்து எப்படித் தெரியும்?

வாழைநாரில் கட்டிய பூமாலையை ஒரு பெட்டியில் வைத்து மூடிவிடுகிறீர்கள். நார் மக்கிப் போகிறது. பிறகு திறந்தால் பூக்கள் காய்ந்து கிடக்கும், ஆனால் கட்டிய வரிசையிலேயே கிடக்கும். நார் இல்லாவிட்டாலும் இது மாலையாக உள்ளே போனது என்று சொல்லிவிடலாம். இன்னொரு பெட்டியில் உதிரிப்பூவைக் கொட்டி வைத்திருந்தால் வரிசையே இருக்காது.

எலும்புக்கும் இதே கணக்கு. மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்தான் அந்த வாழைநார். உடல் முழுதாகத் தாழிக்குள் போயிருந்தால், நார் மக்கிய பிறகும் முதுகெலும்புக் கண்ணிகள் வரிசையாக இருக்கும், தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். பொறுக்கி வைத்ததென்றால் மண்டையோடு ஒரு பக்கம், நீள எலும்புகள் கட்டு மாதிரி ஒரு பக்கம். விரல் எலும்பு, மணிக்கட்டு எலும்பு போன்ற பொடிகள் பெரும்பாலும் இருக்காது. பொறுக்கும்போது விட்டுப் போனவை அவை. வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்பு. எது இருக்கிறது, எது இல்லை, எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணிக் குறிப்பதுதான் அகழ்வாய்வில் பாதி வேலை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தாழிக்குள் எலும்பே இல்லையென்றால் எலும்பு வைக்கவே இல்லை என்று அர்த்தமாகாது. மழைநீர் இறங்கி இறங்கி எலும்பைக் கரைத்திருக்கலாம். பல் மட்டும் மிஞ்சியிருப்பதும் உண்டு. பல்லின் மேல்பூச்சுதான் நம் உடம்பிலேயே கடினமான பொருள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான். தாழி என்பது முன்னோரின் உடலையோ எலும்பையோ வைத்த ஈமப் பாண்டம். சிலவற்றில் முழு உடல், பலவற்றில் பொறுக்கிய எலும்பு. எது என்று எலும்பின் வரிசை சொல்லும்.

அப்போது அந்த உட்கார்ந்த எலும்புக்கூடு?

ஆச்சியின் கதைக்கு இருக்கும் மிகப் பெரிய பலம் இதுதான். ஆதிச்சநல்லூரில் முழு உடலை மடக்கி வைத்த தாழிகள் உண்மையாகவே இருக்கின்றன. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. கீழே ஒரு அடுக்கு, அதன்மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று என மூன்று அடுக்கு. அவற்றில் முழு எலும்புக்கூடுகளும் இருந்தன. தாழியின் மேல் இன்னொரு தாழியைக் கவிழ்த்து மூடியதும் இருந்தது.

ஆனால் மடக்கி வைத்ததாலேயே உயிர் இருந்தது என்றாகிவிடாது. ஒரு மீட்டர்ப் பாண்டத்துக்குள் ஐந்தரை அடி ஆளை வேறு எப்படி வைப்பது? இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்க ஆரம்பிக்கும், ஒன்றரை இரண்டு நாளில் அந்த விறைப்பு விடும். இறந்த உடனேயோ விறைப்பு விட்ட பிறகோ முழங்காலை மார்போடு சேர்த்து மடக்குவது முடியாத காரியமில்லை. இன்றும் வீரசைவர்களிடம் உடலை உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்யும் வழக்கம் இருக்கிறது. மடாதிபதிகளையும் அப்படித்தான் சமாதி வைக்கிறார்கள். (நம் மனதில் ‘ஜீவசமாதி’ என்ற சொல் வேறு உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்த சடலம் என்றதும் புத்தி நேராக அங்கே ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

இனி, கதை விளக்காமல் விட்டவற்றைப் பார்ப்போம். முதியவர்களை மட்டுமே வைத்தார்கள் என்றால் ஈமக்காட்டில் முதியவர்களின் எலும்பு மட்டும்தான் இருக்க வேண்டும். ஈமக்காடு என்பது இறந்தவர்களுக்கென்று ஊர் ஒதுக்கிய நிலம். கீழடியின் ஈமக்காடான கொந்தகையில் 2020இல் குழந்தைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. நடுவயதில் போனவர்களின் எலும்பும் இத்தகைய இடங்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. சாவு வயது பார்த்து வரவில்லை, தாழியும் பார்க்கவில்லை.

சோறும் வாளும்

தாழிக்குள்ளும் அதைச் சுற்றியும் வைத்த சாமான்களை ‘ஈமப்பொருட்கள்’ என்பார்கள். ஆதிச்சநல்லூரில் இவை கிடைத்த அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899க்கும் 1905க்கும் இடையில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல தடவை தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடையில் லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டியது பாரிஸுக்குப் போனது. நம் ஊர்ப் பரம்பு மூன்று ஊர் அருங்காட்சியகத்தில் பிரிந்து கிடப்பதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ரீ எடுத்தவற்றில் நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்கள் உண்டு. வெண்கலத்தில் விலங்கு, பறவை உருவங்கள் வைத்த கலங்கள் உண்டு. இரும்பில் வாள், ஈட்டி, சூலம் மட்டுமில்லாமல் மண்வெட்டியும் உண்டு. நெல் உமி, தினை உமி, துணியின் தடம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அவர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி இருந்தன, அடக்கத்துக்கு வந்தவர்கள் தாழியைச் சுற்றி மண்ணில் குத்திவிட்டுப் போனதைப் போல.

சோற்றுக் கிண்ணத்தை உயிரோடு இருப்பவர் பசிக்கு வைத்தது என்று கதை சொல்கிறது. அப்படியானால் சுருங்கிப் போன கிழவருக்கு வாள் எதற்கு, மண்வெட்டி எதற்கு? வாய்க்கரிசி போடுகிறோம், படையல் வைக்கிறோம், கல்லறைத் திருநாளில் குழிமேட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். இறந்தவர் எழுந்து சாப்பிடுவார் என்றா?

அந்தக் கிண்ணங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பலவும் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இதற்குப் பெயர் ‘கறுப்பு-சிவப்புப் பாண்டம்’. இரண்டு சாயம் பூசியதில்லை, நெருப்பின் வேலை. பானையைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோல், இலை மாதிரி ஏதாவது அடைத்துச் சூளையில் சுட்டால், வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவக்கும். உள்பக்கம் காற்றில்லாமல் புகைந்து கறுக்கும். கரி மூட்டம் போடும்போது விறகு சாம்பலாகாமல் கரியாகிறதே, அதே காரணம்.

‘தாழிக்குள் புதையல்’ என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பொன் பட்டம் வெகு சிலவற்றில்தான். மற்றவற்றில் மண்பாண்டமும் இரும்பும், சிலவற்றில் அதுவும் இல்லை. பொன் தேடி உடைத்த தாழிகளில் பெரும்பாலும் மண்தான் கொட்டியிருக்கும்.

பாட்டில் இருப்பது

தாழியில் அடக்கம் செய்ததைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒரு பெண் குயவனைக் கூப்பிடுகிறாள்: “கலம்செய் கோவே! கலம்செய் கோவே!” வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலை ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி என்னவனோடு பல வழி கடந்து வந்தவள் நான், எனக்கும் இரங்கி, ஈமத்தாழியை அகலமாகச் செய் என்கிறாள். தன் ஆள் செத்துப்போனான், அவனோடு தானும் அடங்க இடம் வேண்டும் என்பது பொருள்.

இதைக் காட்டி, “பார்த்தீர்களா, உயிரோடு போகச் சம்மதிக்கிறாள்” என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். துக்க வீட்டில் “என்னையும் சேர்த்துக் கொளுத்துங்க” என்று அழுவதைக் கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டை எப்படிப் படிப்பது என்று தெரியும். பாட்டிலிருந்து நிச்சயமாகக் கிடைக்கும் தகவல் வேறு. தாழியைச் செய்யச் சொல்லி வாங்கினார்கள், அதன் பெயரே ஈமத்தாழி. அவ்வளவு பெரிய பாண்டத்தைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. பகுதி பகுதியாக வளர்த்து, தட்டி, காயவைத்துச் சுட வேண்டும். நாள் பிடிக்கிற வேலை. உடலை ஓரிடத்தில் வைத்துப் பிறகு எலும்பை எடுக்கும் வழக்கத்துக்கு அது தோதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

மணிமேகலை இன்னும் நேராகச் சொல்கிறது. புகாரின் சுடுகாட்டில் “சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்” என்று ஐந்து வகையினர். எரிப்பவர், அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், பள்ளத்தில் வைத்து அடைப்பவர், தாழியால் கவிப்பவர். ஒரே காலம், ஒரே இடம். ஆகவே ‘அந்தக் காலத்தில் எல்லோரையும் தாழியில்தான் வைத்தார்கள்’ என்பதும் தப்பு.

ஊர் வயலில், ஈமம் பரம்பில்

ஏன் அந்த மேடு? நெல் விளையும் ஆற்றங்கரை நிலத்தை யாராவது இடுகாட்டுக்குக் கொடுப்பார்களா? இன்றும் ஊரில் சுடுகாடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், எதுவும் விளையாத இடத்தில்தான். வெள்ளம் ஏறாத, கலப்பை இறங்காத சரள் மேடு ஈமத்துக்கு ஒதுங்கியது. கெட்டியான தரையை வெட்டிக் குழி எடுத்துத் தாழியை இறக்கியிருக்கிறார்கள். உழவு படாததால்தான் இத்தனை தாழிகள் நமக்கு மிஞ்சின. ஆனால் சரள் எடுப்பதற்கென்று வெட்டியதில் போனவையும் உண்டு.

இவ்வளவு தாழி இருந்தால் ஆட்கள் எங்கே குடியிருந்தார்கள் என்ற கேள்வி நூறு வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. 2004-05இல்தான் குடியிருப்பின் தடமும் பானைச் சூளைகளும் வெளிப்பட்டன.

வருடக் கணக்கு

“ஆதிச்சநல்லூர் எத்தனை வருடப் பழசு?” என்று ஒற்றை எண் கேட்பார்கள். கேள்வியே கொஞ்சம் கோணல். உங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்கு எத்தனை வயது என்று கேட்டால் எந்தச் சாவைக் கணக்கில் எடுப்பீர்கள்?

கரிமக் காலக்கணிப்பு என்பது உயிருள்ள பொருளாக இருந்த ஒன்று செத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அளப்பது. நெல்லோ மரமோ உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து ஒருவகைக் கதிரியக்கக் கரிமத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். வேலை போனவர் சேமிப்பை வைத்துச் சாப்பிடுவதைப் போல. இந்தச் செலவு ஒழுங்கானது, 5,730 வருடத்தில் சரிபாதி தீரும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் எப்போது வரவு நின்றது என்று தெரியும். 2,900 வருடப் பழைய பொருளில் ஏறக்குறைய 70 சதவீதம் மிச்சமிருக்கும்.

ஆகவே இந்த முறையில் சுட்ட மண்ணான தாழிக்கு நேரடியாக வயது பார்க்க முடியாது. அதனோடு கிடைத்த கரி, உமி போன்றவற்றுக்குத்தான் பார்க்க முடியும். ஆதிச்சநல்லூர் மாதிரிகள் இரண்டுக்கு வந்த விடை கி.மு. 905, கி.மு. 696. இடையில் 209 வருடம், தலைமுறைக்கு 25 வருடம் வைத்தால் எட்டுத் தலைமுறை. முன்பின் சில பத்தாண்டு தவறு இருக்கலாம், ஆனால் ஒரே பரம்பை வழிவழியாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அந்த மூன்று அடுக்கோடு இதுவும் பொருந்துகிறது. அதே மாவட்டத்துச் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று விடை வந்ததை 2021இல் அரசு அறிவித்தது. அந்த எண் அந்த உமிக்கு, அந்தத் தாழிக்கு. ஆதிச்சநல்லூருக்கோ தமிழ்நாட்டின் எல்லாத் தாழிக்குமோ அதை ஒட்டிவிடக் கூடாது.

வருடத்தோடு வரும் இன்னொரு சொல் ‘பெருங்கற்காலம்’. பெரிய கற்களை வைத்து ஈமச்சின்னம் எழுப்பிய வழக்கத்தால் வந்த பெயர். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகளைப் பார்க்கலாம். அவற்றைக் குள்ளர் வீடு என்று சொல்வதும் நம் ஆச்சி கதைக்கு ஒன்றுவிட்ட தங்கைதான். ஆதிச்சநல்லூரில் அப்படிப் பெரிய கல் எதுவும் மேலே இல்லை. ஆனாலும் அதே இரும்பு, அதே கறுப்பு-சிவப்புப் பாண்டம் என்பதால் அதையும் இந்தப் பெயரில் சேர்க்கிறார்கள். கல் எங்கே என்று தேடி ஏமாற வேண்டாம்.

மறுபடி ஒரு சுருக்கம்: ஈமப்பொருள் என்பது நம் படையலின் மூத்த உறவு. பரம்பு ஒரே நாளில் நிரம்பவில்லை, தலைமுறை தலைமுறையாக நிரம்பியது. வருட எண் அளக்கப்பட்ட பொருளுக்குச் சொந்தம், ஊருக்கு இல்லை.

தாழியின் விளிம்பு தெரிந்தால்

தென் மாவட்டங்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஜேசிபி ஒரு தடவை சுரண்டியதும் மண்ணில் வட்டமாக ஒரு தடித்த ஓட்டு விளிம்பு தெரியும். உடனே உள்ளே கைவிட்டு மண்ணை அள்ளி வெளியே கொட்டுவார்கள். இதில்தான் எல்லாம் போகும். பூ மாலையா உதிரியா என்று சொன்ன அந்த வரிசை கலைந்துவிடும். காலம் சொல்லக்கூடிய உமியும் கரியும் அந்த மண்ணோடு போய்விடும். பிறகு பாண்டத்தை முழுசாக எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அது வெறும் பெரிய பானைதான். தோண்டுவதை நிறுத்தி, இருக்கிற நிலையிலேயே நாலு போட்டோ எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும்.

அப்புறம், திருச்செந்தூர் போகிறவர்கள் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி ஆதிச்சநல்லூரில் இறங்கிப் பாருங்கள். தோண்டிய குழியை மூடாமல், தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். நின்று கீழே பார்க்கலாம். முதல் தாழியைப் பார்த்ததும் மண்டையோட்டைத் தேடாதீர்கள். முதுகெலும்பு வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள்.